ஏழாம் கேஸ் என் தங்கை

அனுப்புநர்:
மூத்த விரிவுரையாளர், மின்னியல் துறை,
பாலிடெக்னிக் ஆசிரியர் குடியிருப்பு.
(வெளிநோயாளி எண் 2216-இன் அண்ணன்)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கூட்டு மனநலப் பராமரிப்புப் பயிற்சிப் பிரிவு,
சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்குமான பயிற்சிக் கையேட்டில் ஏழாவது கேஸ் தவறாக எழுதப்பட்டிருப்பது – அதைத் திருத்தவும், அதே தவறின் பேரில் ஒரு நோயாளிக்குத் தொடர்ந்து போடப்படும் ஊசியை வரும் 18ஆம் தேதிக்குள் மறுபரிசீலனை செய்யவும் கோருவது – தொடர்பாக.

பார்வை:
(அ) மனநல மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு நான் அனுப்பிய மனு (பதில் இல்லை).
(ஆ) அதற்கான நினைவூட்டல் (பதில் இல்லை).
(இ) நினைவூட்டல் கிடைத்தது என்ற ஒப்புகைச் சீட்டு (இதைப் பதில் என்று கொள்ள இயலவில்லை).

மதிப்புக்குரிய இயக்குநர் ஐயா,

1. நான் இருபத்தாறு ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவன். பாடப்புத்தகத்தில் ஒரு மின்சுற்றுப் படம் தவறாக அச்சாகிவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவன். ஒரு மாணவன் மட்டும் தவறாகப் படித்துவிட்டுப் போவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஒரு வகுப்பே அதைத் தவறாகப் படித்து, அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கி, வெளியே போய் அதன்படியே கம்பியை இணைக்கிறது. தங்கள் கையேட்டில் அப்படி ஒரு படம் இருக்கிறது. அதில் இருப்பவர் என் தங்கை.

2. இம்மனுவை முதலில் படித்தவரும் அவரே. அவர் அனுமதியோடுதான் இதை அனுப்புகிறேன். இது பல மேசைகளைக் கடந்து வரும் என்பதால் அவர் பெயரை எழுதவில்லை. பதிவு எண் போதும். இரண்டு பத்திகளை அவர் அடித்துவிட்டார். "உன் பிரின்சிபல் கதையெல்லாம் இதுல எதுக்குண்ணா? படிக்கிறவங்க பாதியிலேயே கீழ வெச்சிடுவாங்க" என்றார். அவற்றை நீக்கிவிட்டேன். எண்களை மாற்றி எழுத மனம் வரவில்லை. எனவே 4, 9 ஆகிய பத்திகள் இதில் இல்லை.

3. என் தங்கைக்கு வயது நாற்பத்து நான்கு. மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமான நோய்க்காகப் பதினோரு ஆண்டுகளாக மனநல மருத்துவமனையில் லித்தியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். அதில் ஒன்பது ஆண்டுகள் ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதும் வேலையில் இருந்தார். கிரீம் நிரப்பிய கூம்பைப் பிடித்து ஒரே மூச்சில் எழுதுவார். எழுத்தின் வாலில் ஒரு சிறு சுருள் விடுவார். பிறந்தநாள் கேக்கை வெட்டவே யோசிப்பதாக வாடிக்கையாளர்கள் சொல்வார்களாம். நோய் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை பல. அவற்றுக்குப் பதிலாக அவர் சம்பாதித்துக்கொண்டது அந்தக் கை.

5. சென்ற ஆண்டு மார்ச்சில், எங்கள் பகுதி சுகாதார நிலைய மருத்துவர் அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொல்லி, நீர் பிரியச் செய்யும் வகையைச் சேர்ந்த ஒரு மாத்திரையைத் தொடங்கினார். மூன்று வாரத்தில் பேக்கரி உரிமையாளர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். "சார், தங்கச்சிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? மூணு நாளா எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி போகுது. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாங்க" என்றார். முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவர் அல்லர்.

6. லித்தியம் ரத்தத்தில் அளவுக்கு மேல் தேங்கினால் கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும் என்பதும், அத்தகைய அழுத்த மாத்திரைகள் அதைத் தேங்கச் செய்யக்கூடும் என்பதும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. இதற்காகத்தான் தங்கள் பிரிவு 'தகவல் பரிமாற்றத் தாள்' என்ற ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. உடம்பைப் பார்க்கும் மருத்துவரும் மனதைப் பார்க்கும் மருத்துவரும் புதிதாக என்ன கொடுத்தோம் என்பதை அதில் எழுத வேண்டும். என் தங்கையின் தாளில் சுகாதார நிலையப் பகுதியில் 'மாற்றம் இல்லை' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழ் 'பார்த்தேன்' என்ற முத்திரை. மனநல மருத்துவமனைப் பகுதியிலும் 'பார்த்தேன்' என்ற முத்திரை. இரண்டு இடத்திலும் பார்த்திருக்கிறார்கள். எதை என்றுதான் தெரியவில்லை.

7. ஏப்ரல் 9 அன்று சுகாதார நிலையத்தில் நடுக்கத்தைச் சொன்னேன். "அது அந்த லித்தியத்தோட வேலையா இருக்கும். அங்கயே கேட்டுக்கங்க" என்றார் மருத்துவர், தலையை நிமிர்த்தாமல். 11ஆம் தேதி மனநல மருத்துவமனையில், புதிதாக ஓர் அழுத்த மாத்திரை தொடங்கியிருப்பதைச் சொன்னேன். "தாள்ல இல்லையே சார்" என்றார் உதவி மருத்துவர். மாத்திரை அட்டையையே மேசை மேல் வைத்தேன். "அதை அவங்க எழுதி அனுப்பணும்" என்றார். அப்போது நான் குரலை உயர்த்தினேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உயர்த்தினேன். இதை மறுக்கவில்லை. அன்றுதான், வழக்கமான பரிசோதனையின் ஒரு பகுதியாக, மனதில் தோன்றும் ஒரு வாக்கியத்தை எழுதும்படி என் தங்கையிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவர் எழுதியது: "என் கை என் பேச்சைக் கேட்பதில்லை."

8. அடுத்த வியாழக்கிழமை வாந்தி தொடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எல்லா மாத்திரைகளையும் நான் நிறுத்தினேன். பத்து நாளில் நடுக்கம் அடங்கிவிட்டது. நான் நினைத்தது சரி என்று நிரூபணமானது. ஐயா, நான் செய்த தவறு வேறு. கையேட்டை எழுதியவர்களுக்கு அது தெரியாது. வாந்தி எடுத்த அன்றே அவரை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை. அங்கேயும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள் என்ற வீம்பு. நடுக்கம் நின்ற பிறகாவது மருத்துவமனைக்குப் போய், நிறுத்திவிட்டேன், இனி என்ன செய்வது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர்களே தேடி வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். மருத்துவமனை யாரையும் தேடி வராது என்பது ஐம்பத்து மூன்று வயதில் எனக்குத் தெரியாததல்ல. மாத்திரைகளை நிறுத்திய பத்தொன்பதாம் நாள் காலையில், பேக்கரி திறக்கும் முன்பே போய், யாரும் ஆர்டர் கொடுக்காத பதினான்கு கேக்குகளில் பதினான்கு பெயர்களை எழுதி வைத்திருந்தார் என் தங்கை. ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. லித்தியம் இல்லாமல் மனநிலை ஏறிவிட்டிருந்தது. அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம். இருபத்தாறு நாட்கள் இருந்தார்.

10. வார்டில் ரத்தப் பரிசோதனை செய்து லித்தியத்தை மீண்டும் தொடங்கினார்கள். அழுத்த மாத்திரையை யாரும் எதுவும் சொல்லாமல் வேறொன்றாக மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று கோப்பில் ஒரு வரியும் இல்லை. ஆனால் வேறொரு வரி சேர்ந்தது: 'தன் கையைப் பிறர் இயக்குவதாக நம்புகிறார்.' அந்த வரிக்காக மாதம் ஓர் ஊசி சேர்ந்தது. ஒவ்வொரு மாதமும் 18ஆம் தேதி அதைப் போடுகிறார்கள். ஊசி போடத் தொடங்கியதிலிருந்து அவர் விரல்கள் விறைத்துப்போகின்றன. கிரீம் கூம்பை அழுத்த முடிவதில்லை. பேக்கரி உரிமையாளர் நல்லவர், வேலையைவிட்டு அனுப்பவில்லை. என் தங்கை இப்போது அட்டைப் பெட்டி மடிக்கிறார். பெயர் எழுதும் மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மடிக்கிறார்.

11. சென்ற மாதம் தங்கள் பிரிவின் மூன்று நாள் பயிற்சி எங்கள் கல்லூரி அரங்கில் நடந்தது. ஒலிபெருக்கியையும் திரையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. (யார் தந்தார், ஏன் தந்தார் என்பது நீக்கப்பட்ட 9ஆம் பத்தியில் இருந்தது.) இரண்டாம் நாள் காலையில் 'கேஸ் 7' திரையில் வந்தது. பெயர் இல்லை, வயதை மாற்றியிருந்தார்கள். 'என் கை என் பேச்சைக் கேட்பதில்லை' என்ற வாக்கியத்தை மட்டும் அவர் எழுதிய தாளிலிருந்து அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். வாலில் சுருள் விட முயன்று தோற்ற அந்த எழுத்தை இரண்டு ஆள் உயரத்தில் பார்த்தேன். "இதுல என்ன தெரியுது?" என்று பயிற்சியாளர் கேட்டார். "யாரோ தன்னை ஆட்டி வைக்கறாங்கன்னு நினைக்கிறாங்க மேடம்" என்றார் ஒருவர். "வெரி குட்" என்றார் அவர். அடுத்த திரையில் 'தகவல் பரிமாற்றம்: நடைபெற்றது' என்று இருந்தது. இரண்டு முத்திரைகள் இருக்கின்றன அல்லவா? அதற்கடுத்த திரை: 'மருந்தை நிறுத்தியவர்: அண்ணன். கோபக்காரர். ஒத்துழைப்பு இல்லை.' ஒத்துழைக்காத உறவினரைக் கையாள்வது எப்படி என்று நாற்பது நிமிடம் குழு விவாதம் நடந்தது. "முதல்ல அந்த அண்ணனுக்கு ஒரு மாத்திரை போடணும்" என்றார் ஒருவர். அரங்கமே சிரித்தது. ஒலி தெளிவாக இருந்தது. அதற்கு நான் பொறுப்பு.

12. மைக் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நான் பேசவில்லை. பேசினால் கேஸ் 7 உண்மைதான் என்று நானே நிரூபித்ததாகிவிடும். ஆனால் கடைசி வரிசையில் ஓர் இளம் செவிலியர் எழுந்தார். "மேடம், எழுத்தே நடுங்குதே. கை நடுங்கறதைத்தான் சொல்லியிருப்பாங்களோ? லித்தியம் அளவு பாத்தாங்களா?" என்றார். "அது பதற்றம்மா, உக்காருங்க" என்று பதில் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் எந்த நிலையத்தைச் சேர்ந்தவர் என்பது எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அந்த ஒருவரை நினைத்துத்தான் இம்மனுவைத் தங்களுக்கு எழுதுகிறேன். இல்லையென்றால் இதுவும் ஒப்புகைச் சீட்டுக்குத்தான் என்று விட்டிருப்பேன். எல்லாரும் ஒரு வாக்கியத்தின் பொருளைப் படித்துக்கொண்டிருந்தபோது, எழுத்தைப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. பயிற்சி என்பது அப்படிப்பட்டவரை உட்கார வைப்பதாக இருக்கலாகாது.

13. கேஸ் 7-ஐக் கையேட்டிலிருந்து எடுத்துவிடும்படி கேட்கத்தான் முதலில் எழுதினேன். என் தங்கை ஒப்பவில்லை. "எடுக்க வேண்டாம். சொல்லிக் குடுக்கட்டும், சரியா சொல்லிக் குடுக்கட்டும். உன் தப்பையும் சேத்துப் போடச் சொல்லு. அப்பதான் நம்புவாங்க" என்றார். அவர் சொன்னபடியே கேட்கிறேன். அழுத்த மாத்திரை தாளில் எழுதப்படாததைச் சேருங்கள். மாத்திரை அட்டையை மேசை மேல் வைத்ததைச் சேருங்கள். வீம்பில் பத்தொன்பது நாட்கள் சும்மா இருந்ததையும் சேருங்கள். ஒத்துழைக்கவில்லை என்று, செய்யாத தவறுக்காக என்னை எழுதியிருக்கிறீர்கள். செய்த தவறுக்காக எழுதுங்கள். அவர் எழுதிய தாளைத் திரையில் காட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சரியாகச் சொல்வதானால் காட்டலாம் என்கிறார். அடுத்த அணிக்குப் பயிற்சி 22ஆம் தேதி தொடங்குகிறது.

14. ஆனால் 18ஆம் தேதி அதற்கு முன் வருகிறது. ஊசியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் மருத்துவன் அல்லன். ஒருமுறை நானாக நிறுத்தி அதன் விளைவையும் பார்த்துவிட்டேன். அந்த ஊசி அவருக்குத் தேவையாகவே இருக்கலாம். அது எனக்குத் தெரியாது. ஒரு தவறான வரியின் பேரில் அது தொடர்கிறது என்பது மட்டும் தெரியும். சுகாதார நிலைய மருத்துவரும் மனநல மருத்துவரும் 18ஆம் தேதிக்கு முன் ஏதாவது ஒரு நாள், ஒரே அறையில், தாள் இல்லாமல் நேராக உட்கார்ந்து, என் தங்கையிடம் கேட்டு முடிவு செய்யும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். பதினோரு ஆண்டுகளில் அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இரண்டு கட்டடங்களுக்கும் இடையே நடந்தால் பன்னிரண்டு நிமிடம்; நான் நடந்து பார்த்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிவுகள், இரண்டு முத்திரையும் உள்ள தாளின் நகல், பேக்கரி உரிமையாளரின் கடிதம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

15. நான் அங்கிருந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று இரு மருத்துவர்களும் கருதக்கூடும். அவர்கள் அப்படிக் கருத நான் காரணம் கொடுத்திருக்கிறேன். எனவே அந்த அறையில் மூன்று நாற்காலிகள் போட்டால் போதும். நான்காவது நாற்காலியை நான் கேட்கவில்லை. வாசல் வரை அழைத்து வருவேன். முடிந்ததும் அழைத்துப் போவேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று தங்கையாகச் சொன்னாலொழிய நான் கேட்க மாட்டேன். பல நாட்கள் யோசித்து எழுதிய வரி இது. இதைத் தங்கை அடிக்கவில்லை.

18ஆம் தேதிக்கு முன் ஒரு நாளை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
வெளிநோயாளி எண் 2216-இன் அண்ணன்

இடம்: ஆசிரியர் குடியிருப்பு
நாள்: செப்டம்பர் 2