சிவப்புத் தண்டு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. மருமகளின் கண்ணில் மஞ்சள் குறைந்ததா, அவளுக்குச் சோறு இறங்குகிறதா என்று தெரிந்தால்தான் எனக்கு இங்கே சோறு இறங்கும். நேற்று போனில், கீழாநெல்லிப் பொடியைக் குப்பையில் போடு, டாக்டர் மாத்திரையை உடனே கொடு என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். ஏம்மா என்று நீ கேட்டது காதில் விழுந்தது, வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மூலிகைக் கம்பெனி ஆய்வுக்கூடத் தலைவர், கழுத்தில் டை கட்டி வருகிறாரென்று சின்ன வயதில் நீ டைக்காரர் என்பாயே, அந்த மனுஷன் எனக்குச் செய்தது உனக்குத் தெரியும். கீழாநெல்லியை இலை தனி, தண்டு தனி, வேர் தனி என்று இரண்டு வருஷம் அரைத்து, வடித்து, மெஷினில் விட்டுப் பார்த்தவள் நான். கல்லீரல் செல்லைக் காப்பதாகக் கண்ணாடித் தட்டில் நாங்கள் பார்த்த ஃபில்லாந்தின் என்கிற சத்து இலையில்தான் அதிகம், நிழலில் உலர்த்தினால்தான் அது நிற்கும் என்று கண்டவளும் நான்தான். கட்டுரை வந்தபோது அவர் பெயரும் அவர் மாப்பிள்ளை பெயரும் இருந்தன. நன்றி சொல்கிற இடத்தில் ஜெனரேட்டர் ரிப்பேர்காரர்கூட இருந்தார், நான் இல்லை. கேட்டதற்கு, பாட்டில் கழுவுற கைக்கு எதுக்கும்மா பேரு என்று சிரித்தார். மறுநாளே நிஜமாகவே பாட்டில் கழுவ அனுப்பிவிட்டார். மூட்டை வந்து இறங்கும்போது தண்டைப் பார்த்து அசல் கீழாநெல்லிதானா என்று சொல்லி எடுக்கிற வேலையை என்னிடமிருந்து பிடுங்கி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, அத்தனை திமிர்.

விட்டுத் தள்ளும்மா என்றாய். எப்படியடா விடுவேன்? போன மாதம் புது லோடு வந்தபோது போகிற போக்கில் ஒரு மூட்டையில் கைவிட்டேன். தண்டு பச்சையாக இல்லை, சிவப்பு, காய் சொரசொரப்பு; இது வேறு செடி. பார்வைக்குக் கீழாநெல்லியின் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும், ஆனால் எங்கள் சோதனையில் அதில் ஃபில்லாந்தின் ஒரு தடவையும் தெரிந்ததில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் அன்றே லோடு திரும்பிப் போயிருக்கும். திறக்கவில்லை. பெரிய அளவில் வாங்குகிறவர்கள் சோதனையை நேரில் பார்க்க வருகிறார்கள் என்று தெரியும், அந்த நாளுக்காக மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

நேற்று வந்தார்கள். டைக்காரர் தன் கையாலேயே அந்த லோடு பொடியின் சாற்றை மெஷினில் போட்டு, திரையைக் காட்டி, இப்ப பாருங்க, இங்க ஒரு மேடு எழும்பும் என்றார். கோடு படுத்தே கிடந்தது. இன்னொரு தடவை போட்டார், அப்போதும் அப்படித்தான். முகத்தில் ஈயாடவில்லை. பாட்டில் கழுவுகிற தொட்டிப் பக்கம் நின்று கண் குளிரப் பார்த்தேனடா, பொய் சொல்ல மாட்டேன். மெஷின் கோளாறு என்று சமாளித்தார், அதனால் பொட்டலம் போடுவதும் நிற்கவில்லை. எனக்கென்ன வந்தது என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் உன் போன். அப்பா அனுப்பின பொடியைத்தான் நாலு நாளா குடிக்கிறா, உங்க கம்பெனி பொடியாச்சேன்னு மாத்திரையக்கூட நிறுத்திட்டா என்றாய். உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கம்பெனிக் கடையில் வாங்கி அனுப்பியிருக்கிறார். பில்லைப் பிடுங்கிப் பார்த்தேன், அதே லோடு. அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? தெரிந்தே மூன்று வாரம் சும்மா இருந்தவள் நானல்லவா. இன்னும் எத்தனை வீட்டுக்குப் போனதோ.

இன்று காலை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு முதல் நாளே தெரியும், சொல்லவில்லை, வெளியே போன பொட்டலங்களையெல்லாம் திரும்ப வாங்குங்கள் என்று. தண்டு பார்க்கிற வேலையை யார் ஒழித்தார் என்பதையும் விடாமல் எழுதினேன். அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை, அவர் சீட்டு கிழிந்தால் எனக்குச் சந்தோஷம்தான். என் சீட்டும் சேர்ந்து கிழியும், கிழியட்டும். யாருக்குத் தெரியப்போகுது, நீயா ஏன்டி மாட்டிக்கிறே என்று அப்பா புலம்புகிறார்.

இந்தக் கடிதத்தை மருமகளுக்கும் படித்துக் காட்டு, என்னைத் திட்டினால் திட்டட்டும். மாத்திரையை நிறுத்தியதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை வந்ததும் எண்களை ஒன்றுவிடாமல் படித்துச் சொல். இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

நிர்வாகத்துக்குக் கொடுத்த தாளில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கூடத்திலிருந்து என் பெயரோடு வெளியே போன முதல் காகிதம் அதுதான்.

உன் அம்மா