என் நோட்டத்துக்குச் சிக்கிய பொலிகாளை

அன்பு மகள் ஷோல்பனுக்கு, அப்பா எழுதுவது. புசானில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா நலம், மாடுகள் நலம், என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. காரணத்தை நீ கைப்பேசியில் பார்த்திருப்பாய், உன் அண்ணியின் அப்பா ஒரின்பாசர் அந்த வீடியோவை அனுப்பாத ஆள் அக்தோபேயில் இல்லை. நடந்தது அதைவிட மோசம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் ஆசைப்பட்டு வாங்கிய பெரிய காளையால் தலைச்சன் கிடாரிகள் பட்ட பாடு உனக்குத் தெரியும். போன வசந்தத்தில் கன்றுகள் தலை பெருத்து வந்தன, நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாரி கன்றோடு செத்தது, உன் அம்மா தோள்வரை கையை விட்டு இழுத்தும் பலிக்கவில்லை. அதனால்தான் இந்தத் தடவை நானும் ஒரின்பாசரும் காளை வாங்கக் கிளம்பியபோது, "மறுபடியும் பெருசா ஒண்ணப் பிடிச்சிட்டு வந்தீங்கன்னா கன்னுக்குட்டிய நீங்களே பெத்துக்கோங்க" என்று சொல்லி வண்டி ஏற்றிவிட்டாள்.

பண்ணையில் எத்தனையோ இளங்காளைகள் நிற்க, என் கண் பீப்பாய்க் கழுத்துக்காரன் ஒருவனிடம்தான் போய் ஒட்டிக்கொண்டது. "சம்பந்தி, வீட்ல சொன்னது ஞாபகம் இருக்கா? பொறந்தப்ப என்ன எடைன்னு கேளுங்க" என்றார் ஒரின்பாசர். "எடை கெடக்கு, காளைக்குப் பின்னங்கால்தான் பாக்கணும், நான் காட்டுறேன் வாங்க" என்று, பண்ணைக்காரர் கத்தக் கத்த வேலிக்குள் இறங்கினேன். அது பின்னங்காலைக் காட்டவில்லை, நெற்றியைத்தான் காட்டியது. இந்த வயதில் நான் வேலி ஏறிய வேகத்தை நீ பார்த்திருப்பாய். வீடியோவில் வராதது, நான் விழுந்தது அடுத்த பட்டியின் சாணியில், அதுவும் இன்னொரு காளையின் காலடியில். கலிமா சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். அது என் தொப்பியை முகர்ந்து பார்த்து, பிடிக்கவில்லை போலும், வைக்கோலுக்குத் திரும்பிவிட்டது. படுத்த வாக்கில், வேறு வேலை இல்லாமல், அதன் பின்னங்கால்களைப் பார்த்தேன். நேராக இருந்தன, குளம்பு சுத்தம், விதை இரண்டும் ஒரே அளவு. எழுந்து பிறந்த எடையைக் கேட்டேன், இருபத்து நான்கு கிலோவாம், தாய்ப்பசு யார் கையும் படாமல் தானாகவே ஈனுமாம். மாட்டு மருத்துவரும் விந்தைச் சோதித்து நல்லது என்றார், விலை பேசி முடித்தேன். வண்டியில் ஏற்றும்போது அந்தப் பீப்பாய்க் கழுத்துக்காரனை ஒருமுறை திரும்பிப் பார்த்தது உண்மைதான். "இன்னொரு வாட்டி கழுத்தத் திருப்புனீங்க, மிச்ச முட்டிய நானே ஒடச்சிருவேன்" என்றார் ஒரின்பாசர்.

வீட்டில் உன் அம்மா காளையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நெசமா நீங்க பாத்து எடுத்ததா?" என்றாள். கீழேயிருந்து மேல்வரை நிதானமாகப் பார்த்தேன் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அதன் வெள்ளை முகத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். போன வசந்தத்திலிருந்து கிடாரிகள் பக்கமே போகாதவள், மறுநாள் தானே பட்டிக் கதவைத் திறந்து அதை அவற்றிடம் விட்டாள்.

அங்கே மழைக்காலமாமே, குடையில்லாமல் வெளியே போகாதே. ஆண்டவன் உன் வழியைத் திறந்தே வைக்கட்டும், உன் கை பட்டதெல்லாம் பெருகட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவைக் கூப்பிடு, காளைக்கு நீதான் பெயர் வைக்க வேண்டுமாம். என்னை யாரும் கேட்கவில்லை.

உன் அப்பா,
ஜுமாகலி