முதல் கூப்பாடு

1934 நவம்பர் 6
விடாத மழை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. மலேரியாவுக்குக் கொயினா மருந்து வாங்கக் கோத்தா திங்கி பட்டணத்துக்கு ஆள் அனுப்பினேன்.

மதியம் ஆற்றுப்பக்கமிருந்து யாரோ "டாக்டரம்மா" என்றார்கள். "வாறன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். துறையில் யாருமில்லை. திரும்பினால் ஆயா காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லிட்டீங்களேம்மா!"

நவம்பர் 8
விஷயம் இதுதான். போன மாதம் ஆற்றில் மூழ்கிய கனகராஜ் உச்சிவேளையில் கூப்பிடுகிறானாம். பதில் சொன்ன இரண்டு பேர் செத்தார்களாம். (செத்தது மலேரியாவில். பார்த்தவள் நான்.) உயிரோடு இருப்பவர்கள் மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள், அது ஒரே தரம்தான் கூப்பிடும் என்கிறார்கள். அதனால் மூன்றாவது கூப்பாடு வரை, கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. அவன் மனைவி சந்திரமதி பிள்ளைத்தாய்ச்சி. அவளை யாரும் அண்டுவதில்லை.

நவம்பர் 15
லயத்துக்குப் போனேன். ஒரு குழந்தை "அம்மா" என்றது. தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. ஆனால் அவள் திரும்பவில்லை. அந்த வரிசை முழுக்க அசையாமல் நின்றது. குழந்தை மறுபடியும், பிறகு மறுபடியும் கூப்பிட்ட பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேய்க்காக அல்ல, அந்த மௌனத்துக்காக.

நவம்பர் 21
கங்காணி செல்லப்பன் வந்தார்.

"நீங்க பதில் சொல்றதாலதான் அது போக மாட்டேங்குதுன்னு ஜனங்க பேசிக்கிறாங்க. மூணு வரைக்கும் பொறுத்துக்குங்களேன், டாக்டரம்மா. சும்மா ஒரு பேச்சுக்கு."

"மூச்சு முட்டுறவள் எப்பிடி மூண்டு தரம் கூப்பிடுவாள்?"

"அவ புருஷன் கூப்பிடுவான்ல?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கோயிலுக்குப் போகாதவள் நான். கூப்பிட்டதும் போவது ஒன்றுதான் என் விரதம். மதராஸில் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அதில் தளர்ந்ததில்லை.

நவம்பர் 29
காய்ச்சல் குறையவில்லை. ஆனால் இப்போது எல்லாக் கட்டிலும் காலி.

டிசம்பர் 3
தோட்டத்துத் துரை அழைத்தார். அவருக்குப் பேய் பயம் இல்லை. ஆட்கள் தோட்டத்தை விட்டு ஓடிவிடுவார்களோ என்ற பயம் உண்டு. மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் வருவேன் என்று லயத்தார் முன்னால் நான் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் மாத முடிவில் வேறு டாக்டர்.

மாட்டேன் என்றேன். இந்த வயதில் எங்கே போவேன்? ஒரு வாக்கியம்தானே, சொல்லிவிட்டால் என்ன? — முடியாது.

மதியம் மறுபடி அந்தக் குரல். போனேன். யாருமில்லை. எதிரொலியா, குரங்கா? காய்ச்சலோ என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை.

டிசம்பர் 12
எழுதத்தான் வேணும்.

மதியம் லயத்துப் பின்பக்கமிருந்து ஒரு குரல், ஒரே தரம். ஓடினேன். கிணற்றடியில் சந்திரமதி. வலிப்பு. பல் கிட்டிப்போய்க் கிடக்கிறாள். சுற்றிலும் சாத்திய கதவுகள்.

"ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?" என்று கத்தினேன்.

ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து: "கேட்டுச்சும்மா. ஒருதரம்தான் கேட்டுச்சு."

தாயை மீட்டேன். பிள்ளையை முடியவில்லை.

டிசம்பர் 15
சந்திரமதிக்கு நினைவு தெளிந்தது. "நல்ல வேளை கூப்பிட்டாய்" என்றேன்.

"நானா? தண்ணி மொள்ளக் குனிஞ்சேன். அப்புறம் உங்க முகத்தத்தாம்மா பாத்தேன்."

வெளியே வந்து காளியம்மாவிடம் கேட்டேன், அன்று கேட்டது என்ன குரல் என்று.

"ஆம்பளக் குரல்மா."

எனக்கும் அப்படித்தான் கேட்டது. நவம்பர் முதலே அப்படித்தான். அதை இங்கே எழுதாமல் இருந்திருக்கிறேன்.

டிசம்பர் 31
இப்போது, நானும் அதுவும் பேசிக்கொள்கிறோம் என்கிறார்களாம். பெட்டியைப் படகில் ஏற்றியாயிற்று. சந்திரமதி மட்டும் துறைவரை வந்தாள்.

1935 ஜனவரி 27, கோத்தா திங்கி
வெள்ளம் வடிந்து தெருவெல்லாம் சேறு. கடைக்கு மேல் ஓர் அறை. பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறேன். நோயாளிகள் அபூர்வம்.

சந்தைக்கு வந்த காளியம்மா மேலே ஏறி வந்தாள். சந்திரமதி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாளாம்.

"நீங்க கிளம்பினதுலேர்ந்து அங்க சத்தமே இல்லம்மா" என்றாள். பிறகு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். காப்பியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

உச்சிவேளை. இதை எழுதும்போதே ஆற்றுப்பக்கச் சன்னலில் ஒரு குரல். ஒரே தரம்.

நோயாளியாக இருக்கலாம்.

வாறன் என்று சொல்லிவிட்டேன். போக வேண்டும்.