மூன்று டிஸ்கும் என் பகிடியும்

ஓகஸ்ட் 14, வியாழன்

அண்ணையின் ஸ்டுடியோக் கம்ப்யூட்டரில் உப்புக் காற்றுத் தின்ற மதர்போர்டைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டோம். மூன்று ஹார்ட் டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துத்தான் வீடியோக்களை வைத்திருந்தார். மாற்றியபின் ஒன்றுமே திறக்கவில்லை. சுருவில் ஊரில் நாங்கள் எடுத்த செத்தவீட்டு வீடியோவும் அதற்குள்தான். செத்தவரின் மகன் கனடாவில்; அங்கே விசா சரிவராததால் வர முடியவில்லை. போனில் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கொள்ளி வைக்கும் நேரம் லைனும் அறுந்துவிட்டது.

"டிஸ்க்கை நம்பர்படிதானே கொழுவினனீ?" என்றார் அண்ணை.

அண்ணை பல் பிரஷுக்கும் நம்பர் ஒட்டுகிற மனிசன் என்று சிரித்து, போன கிழமை டிஸ்க் நம்பர்களைப் பகிடிக்கு மாற்றி ஒட்டியவன் நான். சொல்லிவிட்டேன்.

"எருமை. வரிசை ஸ்டிக்கரில இல்லை, டிஸ்குக்குள்ள எழுதிக் கிடக்கு; புது போர்ட் அதை இன்னும் வாசிக்கேல்லை. நல்லகாலம், எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஃபோர்மற் பண்ணவோ எண்டு கம்ப்யூட்டர் கேட்டதுக்கு நீ ஓம் குடுக்கேல்லை."

மூன்றையும் தேடிச் சேர்க்கும்படி ஏதோ கட்டளை அடித்தார். எல்லாம் வந்தது.

"வீடியோவை நீயே அந்த மகனுக்கு அனுப்பு. பகிடி ஒண்டும் எழுதாத."

எழுத ஒரு பகிடியும் வரவில்லை. "வீடியோ அனுப்பியிருக்கிறன்" என்று மட்டும் போட்டேன். மெசேஜைப் பார்த்துவிட்டார். அவர் ஏதும் எழுதுவாரோ என்று போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.