அம்மா ரூம் பல்பு

அப்பாவுக்கு,

ரசம் அடுப்படியில் மூடியிருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டி நீங்களே படியுங்கள், பக்கத்து வீட்டு ரசாக் அண்ணனிடம் கொடுக்காதீர்கள்.

வால்பாறையில் டீச்சர் வேலை என்றதும், "போ கண்ணு, எனக்கென்ன, ஊட்டுல உங்கம்மா இருக்கறா" என்றீர்கள். அதற்குத்தான் இந்தச் சீட்டு.

அம்மாவைக் கிடத்திய இடத்தில் எண்ணெய் விளக்கு காற்றுக்கு நிற்கவில்லை என்று அறுபது வாட் பல்பைப் போட்டோம். கருமாதி முடிந்தும் அணைக்க விடவில்லை நீங்கள். "தானா பீஸ் போகட்டும். அன்னிக்கு அவ போயிட்டான்னு நெனச்சுக்கறேன். அப்பறம் உன்ற புதுப் பல்பைப் போட்டுக்க" என்றீர்கள். நான் பரீட்சைக்குப் படித்தபோது கரண்டு வீண் என்று விளக்கை அணைத்த அதே மனுஷன்!

அப்பா, அந்தப் பல்பு மூன்று முறை பீஸ் போய்விட்டது. நீங்கள் மில்லிலிருந்து வருவதற்குள் அதே மாதிரி குண்டு பல்பை வாங்கி மாட்டியது நான்தான். இரண்டு வருடமாக நீங்கள் உட்கார்ந்து பேசுவது நான் மாட்டிய பல்போடு. இனிமேல் மாட்ட நான் இருக்க மாட்டேன்.

கரண்டு மிச்சம் பிடிக்கும் சி.எஃப்.எல். பல்பு பீரோ மேல் இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு மாட்டுங்கள்.

கோமளா

பி.கு.: முதல் தடவையே சொல்லியிருப்பேன். அந்த ரூம் இருட்டாகக் கிடந்ததைப் பார்க்க எனக்கே முடியவில்லை.

இன்னொன்று: அணைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று இப்போது சுவிட்சில் கை வைத்தேன். "போயிட்டு வாரேம்மா" என்று வாயில் வந்துவிட்டது. அணைக்கவில்லை. நீங்களே அணைத்துக்கொள்ளுங்கள்.