ஓலைக் கூரைப் பாலம்

இராஜபாளையம்
9.6.2024

இரக்கமே இல்லாத என் அருமை நண்பன் தேவஇரக்கத்துக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், தவசிமுத்து ஆகிய எனது மேலுதட்டில், நேற்றுக் காலை கண்ணாடி முன்பு எடுத்த கணக்கெடுப்பின்படி, பதினோரு முடிகள் முளைத்திருக்கின்றன. வெளிநாடு வாழ் நண்பர்கள் வாழ்த்துகளைத் தபாலில் அனுப்பலாம்.

ஏன் தபால் என்று கேட்பாய். என் போன் அப்பாவின் பீரோவுக்குள் சிறையில் இருக்கிறது. அவர் போனின் ரிங்டோனைச் சேவல் கூவுகிற சத்தமாக மாற்றி வைத்தேன். அவர் வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியில் முதலாளி பேசிக்கொண்டிருந்தபோது அது விடாமல் கூவியதாம். உங்கள் பைபிளில் பேதுருவுக்குக்கூடச் சேவல் அத்தனை தடவை கூவியிருக்காது. "பிளஸ் டூ முடியிற வரைக்கும் உனக்குப் போனும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது" என்று தீர்ப்பாகிவிட்டது. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். ஆறு வருடமாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து நீ உட்கார்ந்த இடத்தில் இந்த வருடமும் என் பையைத்தான் உட்கார வைப்பேன். அது உன்னைவிட நன்றாகப் படிக்கும்.

நீ அனுப்பிய படம் வந்தது. சட்டம் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். ஆனாலும் மாப்ள, பாலத்துக்கு எதற்குக் கூரை? கீழே ஆறு ஓடுவது சரி, அந்த ஊரில் மேலேயும் ஓடுமோ?

இன்னொன்று. படத்தின் ஓரத்தில் உன் தோள்மேல் ஒரு கை இருக்கிறது. கை மட்டும்தான், ஆள் படத்துக்கு வெளியே. பின்னால் "கேலபுடன்" என்று எழுதியிருக்கிறாய். யார் அந்தக் கேலப்? அந்தக் கைக்கு வேறு வேலை கிடையாதா?

பொறாமையில் கேட்கவில்லை. பொறாமை என் ஜாதகத்திலேயே கிடையாது.

உன்
தவசிமுத்து (பதினோரு முடி)


வெர்மான்ட், அமெரிக்கா
6.7.2024

அன்புள்ள தவசி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நைட் டியூட்டி முடித்து வந்த அலுப்பிலும் சிரித்தார்கள். பதினோரு முடிக்கும் அவர்களுடைய ஆசீர்வாதம்.

கேலப் எங்கள் பள்ளிப் புகைப்படச் சங்கத்தில் இருக்கிறான். சனிக்கிழமைதோறும் நானும் அவனும் சைக்கிளில் கிராமப்பக்கம் போய்ப் பழைய மரப்பாலங்களைப் படம் எடுக்கிறோம். நீ நினைக்கிற மாதிரி கூரை ஆளுக்காகப் போட்டதில்லை, பாலத்துக்காகப் போட்டது. மழையும் பனியும் பட்டால் பாலத்தைத் தாங்குகிற மரம் உளுத்துவிடும். மேலே கூரையும் பக்கத்தில் பலகையும் அடித்ததால்தான் நூற்றைம்பது வருடமாக நிற்கின்றன. உள்ளே போனால் குதிரை லாயம் மாதிரி மணக்கும். பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழும். காலை ஏழு மணி வெளிச்சம்தான் பாலத்துக்கு அழகு, அது வரும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும் என்று கேலப் சொல்லிக் கொடுத்தான். நல்ல பையன். என் பெயர் வாயில் நுழையாமல் டேவ் என்று கூப்பிடுகிறான்.

நவம்பர் 15-ம் தேதி இங்கே நூலகத்தில் எங்கள் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள். உங்கள் ஊரில் இப்படிப் பாலம் உண்டா என்று கேலப் கேட்டான். இல்லை என்றேன். உன் வீட்டுக்கு எதிரே இருக்கிற வாய்க்கால் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். நான் சைக்கிளோடு விழுந்து, நீ தூக்கிவிடாமல் கைதட்டினாயே, அந்தப் பாலம்தான்.

அன்புடன்
இரக்கம்


இராஜபாளையம்
1.9.2024

மகாகனம் பொருந்திய டேவ் துரை அவர்களுக்கு,

நம் ஊரில் கூரை போட்ட பாலம் இல்லை என்று எப்படிச் சொல்வாய்? ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தால் பால்கோவா மட்டும் தின்றால் போதுமா? சுற்றுவட்டாரத்தைப் பார்க்க வேண்டாமா?

கிருஷ்ணன்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டர். தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வாய்க்கால். அதன்மேல் முந்நூறு வருடப் பாலம், ஓலைக் கூரையோடு. தன் வெள்ளைக் குதிரை வெயிலில் கறுத்துவிடக் கூடாது என்று ஒரு பாளையக்காரர் போட்டது. வருடம் தவறாமல் ஓலை மாற்றுவதற்கென்றே ஏழு குடும்பங்கள் இருக்கின்றன. குதிரைதான் இப்போது இல்லை.

படம் இத்துடன் இருக்கிறது. நானே எடுத்தது. காலை ஏழு மணி வெளிச்சம், காத்திருந்து எடுத்தேன். ஓலை இடுக்கில் கோடு கோடாக விழுகிறதா? உங்கள் ஊர்ப் பலகை இதன் பக்கத்தில் நிற்குமா? கேலபிடம் காட்டு. காட்டும்போது அவன் மூஞ்சியை ஒரு படம் எடுத்து அனுப்பு. அதற்கும் சட்டம் போடுகிறேன்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அக்காவுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

புகைப்படக் கலைஞர்
தவசிமுத்து


வெர்மான்ட்
5.10.2024

அன்புள்ள தவசி,

உன் படத்தைக் கேலப் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். பிறகு, கண்காட்சியின் நடுச்சுவரில் தன் படத்துக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் உன் படத்தை வைக்கச் சொன்னான். பெரிதாக அச்சுப் போட்டாயிற்று. கீழே உன் பெயர். பாளையக்காரரையும் வெள்ளைக் குதிரையையும் பற்றி நான்தான் குறிப்பு எழுதினேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வந்து ஒரு வருடமாகிறது. இதுவரை என் ஊரைப் பற்றிக் கேலபைத் தவிர யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இந்தப் படம் வந்த பிறகு டீச்சர்கூட நிறுத்திக் கேட்கிறார். என் நண்பன் எடுத்தது, என் நண்பன் எடுத்தது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறோம். டிசம்பர் 22-ம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்போம். கேலபும் கூட வருகிறான். முதல் நாளே நீ எங்களை அந்தப் பாலத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். அவனுக்கு இரண்டு வார்த்தை தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் "பாலம் எங்கலே?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறான்.

உன்
இரக்கம்


இராஜபாளையம்
27.10.2024

அன்புள்ள இரக்கம்,

பதினைந்தாம் தேதிக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

அந்தப் பாலம் கிருஷ்ணன்கோவில் பக்கம் இல்லை. என் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. நீ சைக்கிளோடு விழுந்த பாலம்தான் அது. கூரை, முத்துப்பேச்சி அக்கா கல்யாணப் பந்தல். தெருவில் இடம் பற்றாமல் பந்தல்காரர்கள் வாய்க்கால் பாலத்தையும் சேர்த்து ஓலை போட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கேலப் ஞாபகம் வந்தது. அங்கேதான் கோளாறு.

பந்தல் என்று தெரியக் கூடாதே. கல்யாணத்தன்று காலையில், எல்லாரும் உள்ளே பலகாரம் சாப்பிடுகிற நேரம் பார்த்து, வாசலில் குலையோடு கட்டியிருந்த இரண்டு வாழை மரத்தையும் அவிழ்த்து வாய்க்கால் ஓரம் சாய்த்தேன். தோரணத்தையும் சீரியல் பல்பையும் கழற்றினேன். உடனே படம் எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டியிருந்தால் ஒன்றுமில்லை. மேகம் போட்டிருந்தது. வெளிச்சம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று கேலப் சொன்னதாக எழுதியிருந்தாய். அவனால் முடிந்தது என்னால் முடியாதா? காத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. வாழை இல்லாத மொட்டைப் பந்தலைப் பார்த்தால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள்? சாவு வீடு என்றுதானே! முன் சீட்டில் இருந்த அத்தை ஒருத்தி, "ஐயய்யோ, துட்டி வீடுல்லா! நல்ல காரியத்துக்குப் போறப்போ இதுலயா முழிக்கணும்? வண்டியத் திருப்புலே!" என்று கத்தினார். வேன் வந்த வேகத்தில் திரும்பிவிட்டது. சகுனம் கழியட்டும் என்று கோவில் வாசலில் இறங்கித் தேங்காய் உடைத்து, பிறகு வேறு வேறு தெருவில் வாழை மரம் கட்டிய வீட்டைத் தேடியிருக்கிறார்கள். போன் போட்டால், அதற்குள் இங்கே தொடங்கிவிட்ட மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தார்கள். அதுவரைக்கும் அக்கா அழுத அழுகையை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "அவிய வரமாட்டாகளோம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். படம் எடுத்ததும் வாழையைத் திரும்பக் கட்டியிருந்தேன், அதை வைத்துத்தான் கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்தார்கள்.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். "எடுவட்ட பயலே, நீதானா அது?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு, "யாருக்குலே காட்டணும்னு இம்புட்டு வேலை பாத்த?" என்று கேட்டாள்.

படமும் நான் எடுத்ததில்லை. கல்யாண போட்டோகிராபர் அழகுராஜா அண்ணன் எடுத்தது. என்ன ஏது என்று அவருக்குத் தெரியாது, நான்தான் நச்சரித்து எடுக்க வைத்தேன். நான் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெயரை எடுத்துவிடு. நடுச்சுவரில் கேலப் படத்தையே வை. உன் டீச்சரிடம் என்ன சொல்வாயோ தெரியவில்லை. பாளையக்காரர் குதிரையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று சொல்லிப் பார்.

நீ அனுப்பிய படத்துக்குச் சட்டம் போட்டிருப்பதாக எழுதினேன். அது உண்மை. ஆனால் வந்த அன்றைக்கே அந்தக் கையைக் கத்தரித்துவிட்டேன். கையோடு சேர்ந்து உன் தோளும் பாதி போய்விட்டது. நல்ல வேளை, துண்டைத் தூக்கிப் போடவில்லை, ஜியாமெட்ரி பாக்ஸில் கிடந்தது. நேற்று அப்பா கம்பெனிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். பார்த்தால் கேலபுக்குக் கையில் பலத்த அடி பட்ட மாதிரி இருக்கிறது. அவன் வந்து பார்த்துக் கேட்டால் நீதான் ஏதாவது சொல்ல வேண்டும். என்னிடம் கதை தீர்ந்துவிட்டது.

வருவாய்தானே?

தவசிமுத்து

(முடி ஏழுதான். மிச்சம் நாலும் பேனா.)