விலக்கில் நிற்காத ரயில்

நேற்று மாலை டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் துப்பட்டாவிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது. மருத்துவத் துணி வெளுக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவளாக இருக்கும். நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாடை பிடிக்காமல் திரும்புகிறேன் என்று நினைத்திருப்பாள். அதே மாதிரிக் கம்பெனிக்குப் போன உன் தோளில், அதே வாடையில் சாய்ந்து இராஜபாளையம் வரை தூங்கிப் போனவள் நான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து நம் குடியிருப்புக்குப் பிரியும் விலக்கில் ரயில் நிற்காது. போன வாரம் முடிவாகிவிட்டது.

பருத்திக்காடாகக் கிடந்த இடத்தில் பிளாட் போட்டபோது மம்சாபுரத்திலிருந்து நாங்கள் வந்தோம், வ. புதுப்பட்டியிலிருந்து நீங்கள் வந்தீர்கள். வீடு கட்டி முடிந்த பிறகுதான் பஸ்ஸைப் பற்றி யோசித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பும் பஸ் நம் விலக்குக்கு வரும்போது படிக்கட்டு வரை ஆள் தொங்கும், நிற்காமல் போய்விடும். அதற்கு முந்தைய நிறுத்தமான மில் கேட்டில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இறங்குவதால் கொஞ்சம் இடம் காலியாகும். அதனால் நம் குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் போக வேண்டிய திசைக்கு எதிராக மில் கேட் வரை நடந்து, அங்கே ஏறி, நம் விலக்கையே பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு போவோம்.

"ஏம்மா, ஊரு அங்கன இருக்கு, இங்கன வந்து ஏறுதிய?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார்.

"மெலியணும்லா அண்ணாச்சி. அதுக்குத்தான் நடக்கோம்" என்றாய். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அப்படி ஒரு வார்த்தை வாயில் வந்ததே இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவே லைட் ரயில் விடலாமா என்று ஆய்வு செய்த கம்பெனியில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்ததும், என்னைவிட நீதான் அதிகம் சொல்லித் திரிந்தாய். "ரயிலு விடப் போறவ வாரா, வழி விடுங்க" என்று மில் கேட்டில் கூட்டத்தை விலக்குவாய். எனக்குக் கூச்சத்தில் உடம்பு சுருங்கிப்போகும்.

எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கம்பெனியிலிருந்து ஆள் எண்ண வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். விடியற்காலையிலேயே நம் விலக்கில் ஒரு பையன் எண்ணும் கருவியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நம் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் அவனைத் தாண்டி நடந்தோம். அவன் கை அசையவே இல்லை.

"தம்பி, எங்களையும் சேத்துக்கிடுங்க" என்றாய்.

"நீங்க நடந்து போறீங்களேக்கா. நின்னாத்தான் கணக்கு."

மில் கேட் வரை சிரித்துக்கொண்டே வந்தாய். அங்கே இருந்தவன் நம்மை எண்ணினான், மில் கேட்டுக்காரர்களாக.

வரைபடம் வந்தபோது மில் கேட்டில் பெரிய ஸ்டேஷன் இருந்தது. நம் விலக்கில் வெறும் கோடு. மேலாளரிடம் என்ன சொல்வது என்று உன்னிடம் சொல்லிப் பார்த்தேன். "தொண்டைக்குள்ளயே பேசாத ஏட்டி. பஸ்ஸ நிப்பாட்டுத மாதிரிப் பேசு" என்றாய். பேசினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "நீ சொல்றது புரியுதும்மா. ஆனா அங்க ஆளே இல்லன்னுல்ல கணக்கு வந்திருக்கு. எத வச்சுக் கேக்க?"

"அப்பம் நாளைக்கு எல்லாரும் விலக்குலயே நிப்போம். மறுபடி வந்து எண்ணச் சொல்லு" என்றாய். ஒருநாள் நின்றோம். பஸ்கள் நிற்கவில்லை, எண்ணவும் யாரும் வரவில்லை. எல்லோருக்கும் வேலைக்குத் தாமதமாகி ஏச்சு விழுந்தது. மறுநாள் பழையபடி நடந்தோம்.

அந்த மார்கழியில்தான், அதே நடையில், பின்னால் வந்த லாரி உன்னை அடித்தது. இராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நீ போய்விட்டாய். கட்டுப்போட வந்த நர்சின் கையில் காஸ் துணிச் சுருள் அப்படியே இருந்தது.

போன மாதம் கல்யாண மண்டபத்தில் ரயில் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பிளாட் தரகர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். "செங்கோட்டை ரயிலே ஆடி அசைஞ்சு வருது, இதுல இன்னொண்ணா?" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. நான் எழுந்தேன். நாம் ஏன் எதிர்த் திசையில் நடக்கிறோம் என்று முழுதாகச் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். அழவில்லை.

மேடையில் இருந்த அதிகாரி தலையசைத்தார். "வருத்தமான விஷயம்தான். மில் கேட்ல ஸ்டேஷன் வரத்தான போகுது. கொஞ்ச தூரம்தான, நடந்து வந்து ஏறிக்கிடலாமே?"

பின்வரிசையிலிருந்து உன் அம்மா எழுந்தார். அவர் வந்திருந்தது எனக்குத் தெரியாது. "நடந்துதான்யா எம்புள்ள போனா" என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

முடிவில் எதுவும் மாறவில்லை. ரயில் வருமோ வராதோ, வந்தால் நம்மைத் தாண்டித்தான் போகும். என் வேலையும் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்து எங்கே வேலை கிடைத்தாலும் மில் கேட் வரை நடந்துதான் போக வேண்டும்.

இப்போது பிளாட்டுகளில் புதிதாக வந்தவர்களும் நம்மோடு நடக்கிறார்கள். அவர்களிடம் நான் எதையும் விளக்குவதில்லை. நீ ஒருநாளும் என்னை ரோட்டுப் பக்கம் நடக்க விட்டதில்லை. மண் பக்கம் தள்ளிவிட்டு நீ தார் ஓரமாக வருவாய். அந்த நாளும் அப்படித்தான் வந்தாய். இப்போது யார் என்னோடு நடந்தாலும், அவர்கள் கேட்பதற்கு முன்பே தோளைப் பிடித்து உள்பக்கமாகத் தள்ளிவிடுகிறேன். தார் ஓரமாக நான் நடக்கிறேன்.